வீடு கட்டித் தரும் கான்ட்ராக்டருக்கு அரசு உரிமம் கட்டாயம் ஆக வேண்டுமா?

ஈரோட்டுக்காரி:

தமிழ்நாட்டில் புது வீட்டுக்கு மின் இணைப்பு வாங்கப் போனால், வயரிங் வேலைக்கு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரின் கையெழுத்தைக் கேட்பார்கள். அதற்கென்று மின் உரிம வாரியம் இருக்கிறது. வயர்மேனுக்குத் தகுதிச் சான்றிதழும் தருகிறது. ஆனால் அந்த வயர் ஓடுகிற சுவரையும், நம் தலைக்கு மேல் நிற்கிற தளத்தையும் கட்டித் தருகிறவருக்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. நேற்றுவரை வேறு வியாபாரம் பார்த்தவர் இன்றைக்கு ஒரு பெயர்ப்பலகை வைத்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, 40 லட்ச ரூபாய் வேலையைக் கையில் எடுக்கலாம். தடுக்க ஒரு விதியும் கிடையாது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரூஃப் கான்கிரீட் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. வேலை எடுத்தவர் கான்கிரீட் இறுகும் வரை தாங்கி நிற்க வேண்டிய முட்டுக்கம்புகளையும் சென்ட்ரிங் ஷீட்டையும் கழற்றி அடுத்த சைட்டுக்கு ஏற்றிவிட்டார். ஹால் தளம் நடுவில் லேசாக இறங்கி, அடிப்பக்கம் விரிசல் ஓடியது. கேட்டதற்கு, பூச்சில் மறைந்துவிடும் என்றார். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பணம் வாங்கியிருந்தவர் அப்புறம் போனையே எடுக்கவில்லை. அதே ஆள் இன்றும் பக்கத்து ஊரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழியும் இல்லை. எனக்குத் தாங்கமுடியாதது அதுதான்.

ஒரு தொகைக்கு மேல் வீட்டு வேலையை ஒப்பந்தமாக எடுக்கிற எவரும் மாநில அரசின் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அனுபவத்துக்குச் சான்று, ஒரு தேர்வு, ஒரு வைப்புத்தொகை, யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கக்கூடிய ஓர் எண். புகார் நிரூபணமானால் அந்த எண் ரத்து. இது நடக்காத காரியம் இல்லை. கலிபோர்னியாவில் 1929 முதல் இதற்கென்று ஒரு வாரியம் இருக்கிறது. இதை எதிர்ப்பவர்கள் காரணத்தைச் சொல்லுங்கள், பேசுவோம்.

மேஸ்திரி_மகன்:

அக்கா, உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் நீங்கள் கேட்கிற மருந்து, நோயாளியை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கிறவனைப் படுக்க வைக்கும்.

என் அப்பா சிறு வயதில் சித்தாளாகப் போய், கரண்டி பிடித்துக் கொத்தனாராகி, மேஸ்திரி ஆனவர். நான் பத்தாவதோடு நின்று அவரிடம் தொழில் கற்றவன். இன்றைக்கு மதுரைப் பக்கம் சொந்தமாக வேலை எடுக்கிறேன். வானம் தோண்டுவதிலிருந்து கிரகப்பிரவேசம் வரை நானே சைட்டில் நிற்பேன். நாளைக்கு அரசு ஒரு தேர்வு வைத்தால் யார் எழுதிப் பாஸ் ஆவார்கள்? படித்துவிட்டு வந்த, சைட்டையே பார்க்காத பையன் பாஸ் ஆவான். அவன் பெயரில் லைசென்ஸ் இருக்கும், நான் அவனுக்குக் கீழே சப்-கான்ட்ராக்டர் ஆவேன். வேலையைச் செய்யப்போவது அப்போதும் நான்தான். நடுவில் ஒருவர் பங்கு எடுப்பார், சதுர அடி ரேட் ஏறும், அந்தக் காசு உங்கள் பையிலிருந்துதான் போகும்.

மின் உரிமத்தை நல்ல உதாரணமாகக் காட்டினீர்கள். வீடு கட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வயரிங் செய்தவர் ஒருவர், கையெழுத்தும் முத்திரையும் வேறொருவருடையது, அதற்குத் தனியாக ஒரு தொகை. இப்படி எத்தனை வீட்டில் நடக்கிறது? உரிமம் என்ற காகிதம் வந்தவுடன் அந்தக் காகிதம் வாடகைக்கு வரும்.

இன்னொன்று. உங்கள் கான்ட்ராக்டர் முட்டுக்கம்பை ஏன் முன்னாலேயே பிரித்தார்? தெரியாமல் இல்லை. சென்ட்ரிங் சாமானுக்கு நாள் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். அதை மிச்சம் பிடிக்கப் பார்த்தார். பேராசைக்குப் பரீட்சை வைத்து என்ன செய்ய?

சைட்_பொறியாளர்:

மேஸ்திரி_மகன் அவர்களுக்கு: எல்லோருக்கும் தெரியும் என்பதை நான் ஏற்கமாட்டேன். நான் கோவையைச் சுற்றிப் பல வருடமாகச் சைட்டுகளில் இருக்கிறேன். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. சாதாரண சிமென்ட்டில், தாங்குகிற சுவர்களுக்கு இடையே 4.5 மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள் நிற்க வேண்டும் என்கிறது. எத்தனை பேர் அந்தத் தூரத்தை அளந்துவிட்டு முட்டைப் பிரிக்கிறார்கள்? எல்லா அறைக்கும் ஒரே நாள்தான்.

கம்பியைச் சென்ட்ரிங் ஷீட்டில் படாமல் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் என்ற சிறு கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தளத்துக் கம்பிக்கு அடியில் 20 மி.மீ., தூணுக்கு 40 மி.மீ. கான்கிரீட் மூட்டம் வேண்டும். நான் பார்க்கிற பாதி சைட்டில் கம்பிக்கு அடியில் ஜல்லியைச் செருகி வைத்திருப்பார்கள், அல்லது ஒன்றுமே இருக்காது. கம்பி ஷீட்டில் படுத்துவிடும். அது அன்றைக்குத் தெரியாது. பத்து, பதினைந்து வருடம் கழித்துக் கம்பி துருப்பிடித்து, ஊதி, தளத்தின் அடிப்பக்கம் பாளம் பாளமாக விழும். அப்போது கட்டியவரை எங்கே தேடுவது?

கலவையில் தண்ணீர் அதற்கு மேல். கான்கிரீட் கொஞ்சம் கெட்டியாக வந்தால் "ஓட மாட்டேங்குது" என்று மிக்சரில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றுவார்கள். யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லை. சுலபமாகப் பரப்ப வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு வாளியில் கான்கிரீட்டின் வலிமை எவ்வளவு போகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் கொக்கியும் அப்படித்தான். 135 டிகிரி உள்ளே மடித்திருக்க வேண்டியதை 90 டிகிரியில் விட்டுவிடுகிறார்கள். 2002இல் வந்த நிலநடுக்க வரைபடம் சென்னையை அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றியது. அந்தச் செய்தி ரிங் வளைக்கிறவர் காதுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

இவை அறியாமையால் வருகிற குறைகள். அறியாமைக்குப் பயிற்சியும் தேர்வும்தான் வழி.

சட்டத்தின் ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் கட்டடக் கலைஞர், பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், டெவலப்பர் எல்லோருக்கும் பதிவு உண்டு. சின்ன வீட்டைக் கட்டித் தருகிறவருக்கு மட்டும் எதுவும் இல்லை. பிளானில் கையெழுத்துப் போட்ட பொறியாளர் பல வீடுகளில் சைட்டுக்கு வருவதே இல்லை. சின்ன வீடுகளுக்குப் பணி நிறைவுச் சான்றிதழிலிருந்தும் விலக்கு. 2024 ஜூலை முதல் சுயசான்றிதழ் திட்டம் வேறு: 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட, இணையத்தில் விண்ணப்பித்த உடனே அனுமதி. அனுமதிக்காக அலைவது குறைந்தது; அந்த வகையில் வரவேற்கிறேன். ஆனால் அரசின் கண் சைட்டிலிருந்து இன்னும் தள்ளிப் போய்விட்டது. மிச்சம் இருப்பவர் கான்ட்ராக்டர் ஒருவர்தான். அவருக்காவது தகுதி வேண்டாமா?

டாலஸ்_தமிழ்:

நான் இருக்கும் டெக்சாஸில் வீடு கட்டும் ஜெனரல் கான்ட்ராக்டருக்கு மாநில உரிமம் கிடையாது. எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஏசி வேலை பார்ப்பவர் ஆகியோருக்கு உண்டு. இங்கே ஒரு பரிசோதனை நடந்து தோற்றுப்போனது, அதை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

2003இல் மாநிலச் சட்டமன்றம் வீட்டுக் கட்டுமானத்துக்கென்று ஓர் ஆணையம் அமைத்தது. பில்டர்கள் எல்லோரும் பதிவு செய்ய வேண்டும். வீட்டில் குறை இருந்தால் உரிமையாளர் நேராக வழக்குப் போட முடியாது. முதலில் ஆணையத்தின் ஆய்வுக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அறிக்கை வரும் வரை காத்திருக்க வேண்டும். அறிக்கையில் பில்டர் மீதுதான் தவறு என்று வந்தாலும், சரிசெய் என்று கட்டாயப்படுத்த ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. ஆணையத்தின் உறுப்பினர்களில் பில்டர்களுக்கே இடம் ஒதுக்கியிருந்தார்கள். கடைசியில் அது வீட்டுக்காரர்களைத் தாமதப்படுத்துகிற வேலியாக நின்றது. 2008இல் அரசு அமைப்புகளை மறுஆய்வு செய்யும் குழுவின் ஊழியர்களே இதைக் கலைத்துவிடலாம் என்று பரிந்துரைத்தார்கள். 2009இல் சட்டமன்றம் அதை நீட்டிக்காமல் விட்டது. அத்தோடு முடிந்தது.

அப்படியானால் இங்கே வீடுகள் எப்படி நிற்கின்றன? நகராட்சி ஆய்வாளர் வருகிறார். அஸ்திவாரத்தில் கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் ஊற்றும் முன் ஒரு தடவை. சட்டகம் நின்றபின் ஒரு தடவை. சுவர்ப்பலகை அடித்து எல்லாவற்றையும் மூடும் முன் ஒரு தடவை. அவர் ஒப்புதல் தராமல் அடுத்த வேலைக்குப் போக முடியாது. பலர் தங்கள் செலவில் தனி ஆய்வாளரையும் வைத்துக்கொள்கிறார்கள்.

நான் சொல்வது இதுதான்: ஆளைச் சோதிக்க வேண்டாம், வேலையைச் சோதியுங்கள். மேஸ்திரி_மகன் பத்தாவது படித்திருந்தால் என்ன, பொறியியல் படித்திருந்தால் என்ன? ரூஃப் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா என்று ஒருவர் வந்து குனிந்து பார்த்தால் போதும்.

சான்ஹோசேவாசி:

டெக்சாஸ் கதையில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. அந்த ஆணையம் பில்டர்களைப் பதிவு செய்ததே தவிர, தொழில் தெரியுமா என்று தேர்வு வைக்கவில்லை. அது தோற்றதை வைத்து உரிம முறையே தோற்கும் என்று சொல்ல முடியாது.

கலிபோர்னியாவில் உரிமம் வாங்க, கடந்த பத்து வருடத்துக்குள் நான்கு வருடம் முழுத் தேர்ச்சியுள்ள தொழிலாளியாகவோ மேற்பார்வையாளராகவோ வேலை பார்த்திருக்க வேண்டும். படிப்பும் பயிற்சியும் இருந்தால் அந்த நான்கில் அதிகபட்சம் மூன்று வருடத்தைக் கழித்துக்கொள்ளலாம். ஒரு வருடமாவது கையால் வேலை செய்திருக்க வேண்டும். மேஸ்திரி_மகன் இதைக் கவனியுங்கள். சைட்டைப் பார்க்காத பட்டதாரி இங்கே வரவே முடியாது. பட்டம் கட்டாயம் இல்லை, அனுபவம் கட்டாயம். அப்புறம் இரண்டு தேர்வு: ஒன்று சட்டமும் வணிகமும், இன்னொன்று தொழில். கைரேகை எடுத்துக் குற்றப் பின்னணி பார்ப்பார்கள். 25,000 டாலருக்கு ஜாமீன் பத்திரம் வேண்டும்.

வீட்டுக்காரரை உண்மையில் காப்பாற்றுவது வேறு இரண்டு விதிகள். வீட்டைப் புதுப்பிக்கும் வேலைக்கு முன்பணம் மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் கேட்கக் கூடாது. இரண்டாவது இன்னும் கடுமையானது. உரிமம் தேவைப்படுகிற வேலையை உரிமம் இல்லாமல் செய்தவர், வேலையை எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும், பணம் கேட்டு வழக்குப் போட முடியாது. ஏற்கெனவே கொடுத்த பணத்தையும் வீட்டுக்காரர் திரும்பக் கேட்கலாம். ஊரில் பேசும்போது உரிமத்தை மட்டும் பேசுகிறார்கள், இந்த முன்பண விதியைப் பேசுவதில்லை. ஈரோட்டுக்காரிக்கு அது ஒன்று இருந்திருந்தாலே பாதி நஷ்டம் தவிர்ந்திருக்கும்.

மேஸ்திரி_மகன்:

25,000 டாலர் என்றால் இருபது லட்சத்துக்கு மேல். அவ்வளவு பணத்தை ஜாமீனாகக் கட்ட என்னிடம் இருந்தால் நான் எதற்கு அடுத்தவர் வீட்டைக் கட்டுகிறேன்?

சான்ஹோசேவாசி:

அந்தத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. ஜாமீன் நிறுவனத்துக்கு வருடாவருடம் அதில் ஒரு சிறு பங்கைக் கட்டணமாகக் கட்டினால் போதும். வீட்டுக்காரர் புகார் நிரூபணமானால் நிறுவனம் கொடுத்துவிட்டு, உங்களிடம் வசூலிக்கும். ஒப்புக்கொள்ள வேண்டியதையும் சொல்கிறேன். இங்கே ஒரு சமையலறையைப் புதுப்பிக்கவே அந்தத் தொகையைத் தாண்டிவிடுகிறது. முழு வீட்டில் நஷ்டம் வந்தால் ஜாமீன் எந்த மூலைக்கு?

திருச்சி_வழக்கறிஞர்:

சட்டம் பேசுகிறார்கள் என்பதால் வந்தேன். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கிறதே என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அது வீட்டையோ மனையையோ விற்கிற புரொமோட்டருக்கானது. அதிலும் 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலம் அல்லது எட்டுக்கு மிகாத வீடுகள் என்றால் பதிவு தேவையில்லை. உங்கள் மனையில் நீங்கள் கூப்பிட்டுக் கட்டச்சொல்கிற கான்ட்ராக்டர் அதற்குள் வரவே மாட்டார்.

உங்களுக்கு இருப்பது நுகர்வோர் சட்டம். வீடு கட்டித் தருவது அதில் ஒரு சேவை. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம், வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் நடத்திய இந்த வகை வழக்குகளில் தோற்றவற்றுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: எழுத்தில் ஒன்றும் இல்லை. ஒரு டைரித்தாளில் "பேஸ்மென்ட் வரை 6" என்று எழுதியிருக்கும். எந்தச் சிமென்ட், எவ்வளவு கம்பி, எந்தத் தேதி, யார் பொறுப்பு, எதுவும் இருக்காது. எதிர்த்தரப்பு, நான் லேபர் மட்டும்தான் எடுத்தேன், சாமான் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தது என்று சொன்னால் மறுக்க ஆதாரம் இல்லை.

ஜெயித்தாலும் முடிந்துவிடாது. தீர்ப்பை நிறைவேற்றப் போனால் அவர் பெயரில் ஒரு சொத்தும் இருக்காது. இதனால்தான் உரிமத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள் என்கிறேன். அரசு வகுத்த மாதிரி ஒப்பந்தப் படிவம் கட்டாயம், கட்டத்துக்குக் கட்டம் பணம், கடைசித் தொகையில் ஒரு பங்கு ஒரு மழைக்காலம் கழியும் வரை பிடித்தம். இந்த மூன்றும் இல்லாத உரிமம் சுவரில் மாட்டுகிற சட்டம்போட்ட காகிதம்தான்.

ஈரோட்டுக்காரி:

வழக்கறிஞர் சார் சொன்ன மூன்றையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒப்பந்தம் போடாத கான்ட்ராக்டரை யார் தண்டிப்பார்கள்? உரிமம் என்று ஒன்று இருந்தால்தான் "ஒப்பந்தம் இல்லாமல் வேலை எடுத்தாய், உரிமம் ரத்து" என்று சொல்ல ஓர் இடம் இருக்கும்.

டாலஸ்_தமிழ் அவர்களுக்கு: வேலையைச் சோதியுங்கள் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. யார் வருவார்கள்? வீட்டுக்கடன் கொடுத்த வங்கி மதிப்பீட்டாளரை அனுப்புகிறது. பேஸ்மென்ட் முடிந்ததா, லிண்டல் வந்ததா, ரூஃப் போட்டாயிற்றா என்று பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார். கடன்தொகையை விடுவிக்கலாமா என்பதுதான் அவர் கேள்வி. கம்பிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அவர் வேலை இல்லை. மாநகராட்சியில் இருக்கும் பொறியாளர்கள் குடிநீரையும் ரோட்டையும் பார்க்கவே நேரம் போதாமல் இருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டு ரூஃபுக்கும் அவர்கள் வருவதற்குள் எங்கள் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகிவிடும்.

டாலஸ்_தமிழ்:

அரசு ஊழியர் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிளானில் கையெழுத்துப் போட்ட பொறியாளரே மூன்று கட்டத்தில் வரட்டும்: அஸ்திவாரக் கம்பி, தூண் கம்பி, ரூஃப் கம்பி. இடமும் நேரமும் பதிவாகிற போட்டோவோடு அனுமதி வாங்கிய அதே இணையதளத்தில் ஏற்றட்டும். ஏற்றாமல் கான்கிரீட் போட்டால் அவர் பதிவு போகும். பொறியாளர்களின் பதிவு ஏற்கெனவே இருக்கிறது, புது வாரியம் வேண்டாம், மேஸ்திரிக்குப் பரீட்சையும் வேண்டாம்.

சைட்_பொறியாளர்:

இதை ஆதரிக்கிறேன். ஆனால் அதற்கான கூலியையும் சேர்த்துப் பேசுங்கள். பிளானுக்குக் கையெழுத்துப் போடத் தருகிற தொகையில் ஒருவர் மூன்று தடவை சைட்டுக்கு வந்து கம்பியை எண்ண முடியாது. வீட்டுக்காரர்கள் டைல்ஸுக்கு யோசிக்காமல் செலவு செய்வார்கள். பொறியாளருக்குத் தனியாகக் கட்டணம் என்றால் "எங்க மேஸ்திரிக்கு எல்லாம் தெரியும்" என்பார்கள். அந்த மனம் மாறாமல் எந்த விதியும் ஓடாது.

என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன். உரிமம் வாங்குகிற கான்ட்ராக்டர் ஒரு சிவில் டிப்ளமோ படித்தவரையாவது வேலைக்கு வைத்திருக்க வேண்டும்.

மேஸ்திரி_மகன்:

வந்துவிட்டீர்கள். வருடத்தில் இரண்டு மூன்று வீடு எடுக்கிற நான் மாதச் சம்பளத்துக்கு டிப்ளமோக்காரரை வைக்க வேண்டுமா? பெரிய கம்பெனியால் முடியும். எங்களை மாதிரி ஆட்களைத் தொழிலைவிட்டு அனுப்பும் விதி இது.

படித்தவர்கள் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றால் சென்னை மௌலிவாக்கத்தை என்ன சொல்வீர்கள்? 2014 ஜூன் 28. 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் செத்தார்கள். அது மேஸ்திரி எடுத்த வேலையா? அனுமதி வாங்கிய கட்டடம். கம்பெனி இருந்தது, பொறியாளர்கள் இருந்தார்கள். செத்தவர்கள் அங்கே கலவை சுமந்தவர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. காகிதம் எல்லாம் சரியாகத்தானே இருந்தது?

சைட்_பொறியாளர்:

மௌலிவாக்கம் எங்கள் தொழிலுக்கே தலைகுனிவு, அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே நீதிபதி தலைமையில் விசாரணை ஆணையம் உட்கார்ந்தது, கைது நடந்தது, பொறுப்பு யாருடையது என்று ஊரே கேட்டது. உங்கள் ஊரிலும் என் ஊரிலும் சன்ஷேடு இடிந்து ஒரு ஆள் போனால் என்ன நடக்கிறது? உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரிச் செய்தி. யார் கட்டியது என்ற பதிவுகூட எங்கும் கிடையாது. உரிமம் விபத்தை முழுக்கத் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை. யார் கட்டியது என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும் என்கிறேன். டிப்ளமோ வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், பெயராவது பதிவாகட்டும்.

சித்தாள்_மகள்:

எல்லோரும் வீட்டுக்காரரையும் கான்ட்ராக்டரையும் பேசுகிறீர்கள். என் அம்மா இருபது வருடத்துக்கு மேல் கலவைச் சட்டி தூக்கியவர். கான்ட்ராக்டர் ஓடிப்போனால் வீட்டுக்காரருக்குப் பாதிக் கட்டடமாவது மிஞ்சுகிறது. சனிக்கிழமை கூலிக்கு நின்றவர்களுக்கு என்ன மிஞ்சுகிறது?

1994இலிருந்து கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. அம்மாவிடம் அட்டை இருந்தது. கல்வி உதவித்தொகை எனக்கு வந்தது, அதற்கு நன்றியோடு இருக்கிறேன். ஆனால் கூலி பாக்கிக்கு அந்த அட்டை உதவவில்லை. அம்மாவின் பெயர் வாரியத்தில் பதிவாகியிருந்தது, அம்மாவுக்குக் கூலி தர வேண்டியவரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. அதனால் மேஸ்திரி அண்ணனிடம் மரியாதையோடு கேட்கிறேன்: வேலை செய்கிறவளுக்குப் பதிவு வேண்டும், வேலை வாங்குகிறவருக்கு வேண்டாம் என்றால் எப்படி நியாயம்?

சான்ஹோசேவாசி சொன்ன அந்தக் கடும் விதியைப் படித்ததும் எனக்குப் பயம்தான் வந்தது. உரிமம் இல்லாதவருக்குப் பணம் தர வேண்டாம் என்று சட்டம் போட்டால், முதலில் அறுபடுவது கூலி. "வீட்டுக்காரர் எனக்கே தரவில்லை, உனக்கு எங்கிருந்து தர?" என்று கேட்பார்கள்.

சான்ஹோசேவாசி:

சரியான கேள்வி. இங்கே அந்தத் தடை ஒப்பந்தம் எடுத்தவருக்குத்தான். கூலிக்கு வேலை செய்தவருக்கு உரிமம் தேவையில்லை. கூலி பாக்கி என்றால் அவர் வேலை செய்த சொத்தின் மீதே உரிமை கோர முடியும். 2018 முதல் இன்னொன்றும் வந்தது: தனியார் கட்டுமானத்தில் சப்-கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால், வீட்டுக்காரரோடு நேரடியாக ஒப்பந்தம் போட்ட கான்ட்ராக்டரே அதற்குப் பொறுப்பு.

மேஸ்திரி_மகன்:

தங்கச்சி கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. என் அம்மாவும் சட்டி தூக்கியவர்தான். பெயர் பதிவு செய்ய எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் எங்கேயும் ஓடுகிறவன் இல்லை. எதிர்ப்பதெல்லாம் படித்தவனுக்கு மட்டும் கதவு திறக்கிற முறையை.

எந்த முறைக்கு நான் ஒத்துக்கொள்வேன் என்று சொல்கிறேன். எழுத்துத் தேர்வு வேண்டாம். சைட்டில் வைத்து, தமிழில், செய்து காட்டச் சொல்லுங்கள். ரிங் வளைக்கச் சொல்லுங்கள், கவர் பிளாக் வைக்கச் சொல்லுங்கள், கலவையில் தண்ணீர் அளக்கச் சொல்லுங்கள். முட்டு எத்தனை நாள், தண்ணீர் விட்டு க்யூரிங் எத்தனை நாள் என்று வாயால் கேளுங்கள். தெரியாதவனுக்கு இரண்டு வாரப் பயிற்சி கொடுங்கள், அந்த நாட்களுக்குக் கூலியும் கொடுங்கள். தேர்வு வைக்கும் குழுவில் கரண்டி பிடித்த ஒரு கொத்தனார் உட்கார வேண்டும். இப்போது தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஐந்து வருட அவகாசம் வேண்டும். லேபர் மட்டும் எடுக்கிறவர்களை இதில் சேர்க்கவே கூடாது. சாமானோடு முழுப் பணத்தையும் கையில் வாங்குகிறவனுக்குத்தான் உரிமம்.

பணம் தர வேண்டாம் என்கிற அந்த விதி மட்டும் தமிழ்நாட்டுக்கு வரக் கூடாது. வேலையை ஒழுங்காக முடித்தவனை ஒரு காகிதம் இல்லை என்று வெறுங்கையோடு அனுப்புவதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன்.

ஈரோட்டுக்காரி:

தம்பி, செய்முறைத் தேர்வு, தமிழில், கொத்தனார் இருக்கிற குழு, பயிற்சி நாட்களுக்குக் கூலி, இவை எல்லாவற்றுக்கும் நான் உங்கள் பக்கம். லேபர் கான்ட்ராக்டை விட்டுவிடுவதும் சரி. பணம் வாங்குகிறவரிடம்தான் பொறுப்பு இருக்க வேண்டும் என்பதே என் பேச்சு.

பணம் தராத விதியில் நாம் ஒத்துப்போக மாட்டோம். அந்த விதி இல்லாவிட்டால் உரிமம் வாங்காமல் வேலை எடுப்பவருக்கு என்ன நஷ்டம்? ஒரு சிறு அபராதம் கட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். தங்கை சொன்ன பயத்துக்கு வழி செய்யலாம்: கூலிப் பாக்கியை வீட்டுக்காரரே நேராகத் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் நிறுத்தி வைக்கலாம் என்று விதியிலேயே எழுதலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். அவர் போனபின் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நின்றுபோன கூலியை நாங்கள் கொடுத்தோம். அவர்கள் என்ன தப்பு செய்தார்கள்?

அவகாசம் ஐந்து வருடம் அதிகம். அதற்குள் எத்தனை வீடு எழும்பிவிடும்? இரண்டு வருடம் என்றால் பேசலாம்.

மேஸ்திரி_மகன்:

இரண்டு வருடத்தில் ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் உள்ள மேஸ்திரிகளுக்குப் பயிற்சி போய்ச் சேராது. மூன்று. பயிற்சி மையம் ஒவ்வொரு தாலுகாவிலும் திறந்தபின் அந்த மூன்றை எண்ண ஆரம்பியுங்கள். கூலி நேராகத் தொழிலாளிக்கு என்பதை எழுத்தில் வைத்தால், மற்றதைப் பேச நான் தயார்.

சித்தாள்_மகள்:

அந்தக் கூலி விதியை முதல் பிரிவாகப் போடுங்கள்.